நீர்க்காகம் நடத்திய ஒற்றுமை வகுப்பு

நாவல்மடுவில் இருந்த முதலை பட்டினி கிடந்தது.

மடுவுக்கு யாரும் வராமல் இல்லை. கோடையில் காடு முழுக்க அங்கேதான் தண்ணீர் குடித்தது. ஆனால் ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒரு வேளை வைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் குடித்துவிட்டுப் போய்விடும். யானைகள் வந்தால் முதலையே ஆழத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும். வெயில் சாய்ந்த பிறகு வருபவர்கள் இளவட்டங்கள். அவர்களைத்தான் முதலை மலைபோல நம்பியிருந்தது.

குட்டி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்கள், பெரியவர் என்று கூப்பிட்டால் நமக்குச் சிரிப்பு வரும், அப்படி ஒரு வயது அவர்களுக்கு. அந்த வயது வந்துவிட்டால் தாயோடு போய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, இளவட்டங்களோடு சேர்ந்துதான் குடிக்க வேண்டும் என்பது அந்தக் காட்டின் வழக்கம். அந்த வருஷம் நாலு பேர் இருந்தார்கள். காட்டுப்பன்றிப் பையன் கொம்மட்டி. புள்ளிமான் பெண் மருளி. குரங்குப் பயல் கிளுவன். முள்ளம்பன்றிப் பெண் சிலும்பி.

இந்த நாலு பேருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது.

மடு வற்றிக்கொண்டு வந்ததால் கரையோரம் எல்லாம் சேறு. தெளிந்த தண்ணீர் பாறைக்கு அடியில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் குடிக்க முடியும். ஒருவர் குடிக்கும்போது மற்றவர்கள் அவர் வாயையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"கொம்மட்டி, உன் முறை எப்பவோ முடிஞ்சுது. வாயை எடு."

"இப்பத்தானே வச்சேன்?"

"நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தொண்டை ஏறி ஏறி எறங்குது."

"அடுத்தவன் தொண்டையைப் பாக்கிறதுதான் உனக்கு வேலையா?"

தினமும் இதே கூத்துதான். ஆனால் குடிப்பவன் வாயை முறைப்பதும் தண்ணீரை முறைப்பதும் ஒன்றுதானே? முதலை மூக்கு நுனியைத் தூக்கினாலும் அவர்கள் கண்ணில் பட்டுவிடும். அதனால் அது அடிச்சேற்றில் கிடந்து வயிற்றைக் காயப்போட்டது.

சிலும்பி கடைசியில் குடிப்பாள். அவள் பக்கத்தில் யார் நின்றாலும் முள் குத்தும். "நீ மேட்டுல நின்னு காவல் பாரு" என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டார்கள். அவளும் நின்றாள். அது பதவி இல்லை, பக்கத்தில் சேர்க்காததற்கு வைத்த பெயர் என்று அவளுக்குத் தெரியும். மூவரும் சண்டை போடுவதைப் பார்க்கும்போதுகூட அவளுக்குப் பொறாமையாக இருக்கும். அவளோடு சண்டை போடக்கூட யாரும் கிட்டே வருவதில்லை.

மடுவின் நடுவில் ஒரு பட்ட மரம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் கரியமாணிக்கம் என்ற நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். சிறகைக் காயவைக்க எப்போதும் இரண்டு பக்கமும் விரித்தே வைத்திருக்கும். பார்ப்பவர்களுக்கு, உலகத்தையே கட்டித் தழுவப் போகிற நல்ல பறவை என்று தோன்றும். முதலை எதையாவது கிழித்துத் தின்றால் துணுக்குகளுக்கு மீன் கூட்டம் மொய்க்கும், அப்போது நீர்க்காகத்துக்கு விருந்து. முதலை பட்டினி என்றால் அதற்கும் அரை வயிறுதான்.

"தம்பி, பசி தாங்கலை" என்றது முதலை.

"உங்களுக்கு எப்படி ஐயா கிடைக்கும்? அதுங்க சண்டை போட்டுக்கிட்டே இருக்குதே."

"சண்டை போட்டா நமக்கு நல்லதுதானே?"

"இல்லைங்க ஐயா. ஒருத்தரை ஒருத்தர் நம்பாததாலதான் எல்லாரும் முழிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நல்லா ஒற்றுமை வந்துட்டா கண்ணை மூடுவாங்க. அந்த ஒற்றுமையை நான் வரவழைக்கிறேன்."

முதலை கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணை மட்டும் பிடிச்சா மத்தது வேற மடுவுக்குப் போயிடும். கோடை இன்னும் கிடக்கு. மூணும் ஒண்ணா வேணும்."

"மூணா? நாலு பேராச்சே."

"முள்ளம்பன்றி வேண்டாம்." ஒரு காலத்தில் முதலை ஒரு முள்ளம்பன்றியைக் கவ்வியிருக்கிறது. அந்த மழைக்காலம் முழுவதும் அதனால் வாயை மூட முடியவில்லை. "அவ உடம்பு எனக்கு வேண்டாம். ஆனா அவ கண்ணு தண்ணிப் பக்கம் இருக்கக் கூடாது. அதை மட்டும் திருப்பு."

காட்டு ஓரத்தில் ஓர் ஏரி உண்டு. அங்கே மனிதப் பிள்ளைகள் கூடாரம் போட்டுத் தங்கிக் கூட்டாக விளையாடுவதை நீர்க்காகம் பார்த்திருந்தது. மறுநாள் இளவட்டங்கள் வந்ததும் அது பேச்சை ஆரம்பித்தது.

"பிள்ளைகளா, எனக்கு மனசு கேக்கலை. இப்படியா அடிச்சுக்கிறது? உங்களுக்கு விளையாட்டு சொல்லித் தரேன். விளையாடினா ஒரே குழு ஆயிடுவீங்க."

"விளையாட்டா?" என்று கிளுவன் காதைத் தூக்கினான். சிலும்பியும் மேட்டில் நின்றபடியே காதைத் தூக்கினாள்.

முதல் விளையாட்டு சுலபம். ஒருவர் கண்ணில் இலையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இன்னொருவர் வழி சொல்ல வேண்டும். மருளி வழி சொன்னாள், கொம்மட்டி நேராகப் போய்க் கறையான் புற்றில் மூக்கை விட்டான். பிறகு கொம்மட்டி வழி சொன்னான், மருளி சேற்றில் இறங்கினாள். பழிக்குப் பழிதான், ஆனாலும் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்படிச் சிரித்து அந்த மடு பார்த்ததில்லை.

அப்புறம் கொடியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கால்களைக் கொடியால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். மானுக்கு நீளக் கால், பன்றிக்குக் குட்டைக் கால், நடுவில் குரங்கு. முதலில் உருண்டார்கள். பிறகு கிளுவன் ஒரு தாளம் கண்டுபிடித்தான். "எடு, வை. எடு, வை." அந்தத் தாளத்தில் மூவரும் ஓடவே பழகிவிட்டார்கள். நீர்க்காகத்தை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். குடிக்கும்போது யாரும் யார் வாயையும் முறைக்கவில்லை. "நீ குடிடா, அவசரமில்லை" என்று மருளி கொம்மட்டியிடம் சொன்ன அன்றைக்கு முதலை தண்ணீருக்கு அடியில் கண்ணை மூடி ரசித்தது.

இது பொய்யான சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விளையாட்டு நல்ல விளையாட்டுத்தான். பிள்ளைகள் நிஜமாகவே நண்பர்கள் ஆனார்கள்.

கடைசி விளையாட்டு விழுவது. ஒருவர் பாறைமேல் முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்பக்கம் சாய வேண்டும். மற்றவர்கள் கீழே நின்று பிடிக்க வேண்டும். மணலில் பழகினார்கள். கிளுவன் சாயும்போது பயத்தில் "பாம்பு, பாம்பு" என்று கத்தினான். பிடிக்க நின்றவர்கள் பாம்பைத் தேடித் திரும்பிவிட்டார்கள். அவன் பொத்தென்று விழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டான்.

நீர்க்காகம் உடனே ஒரு சட்டம் போட்டது. "விழுறவங்களுக்குப் பயத்துல என்ன வேணா வாயில வரும். பாம்புன்னு கத்துவாங்க, புலின்னு கத்துவாங்க. பிடிக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு நிக்கணும், என்ன கத்தினாலும் அசையக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. அதுதான் நம்பிக்கை."

பிறகு மேட்டைப் பார்த்தது. "அந்தப் பொண்ணு ஏன் எப்பப் பாத்தாலும் தனியா நிக்குது?"

"அவ காவல், மாஸ்டர்" என்றாள் மருளி.

"காவலா? காவல் வச்சா சந்தேகம் இருக்குன்னு அர்த்தம். அவளும் உங்க குழுதானே? நாளைக்கு அவ விழட்டும், நீங்க பிடிங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "முள்ளு, மாஸ்டர்" என்றான் கொம்மட்டி மெதுவாக.

"அதுக்கு வழி இருக்கு. சேறு எதுக்கு இருக்கு? முள்ளை மடக்கிவிட்டுக் கெட்டியாப் பூசினா காஞ்சு படிஞ்சுக்கும். அப்புறம் அவளை யாரு வேணா தூக்கலாம்."

சிலும்பிக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தன்னை ஒருவர் பிடித்துக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அம்மாகூடக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் அவளை வளர்த்தாள்.

மறுநாள் மூவரும் அவளுக்குச் சேறு பூசினார்கள். கிளுவன் இரண்டு கையாலும் முள்ளை மடக்கிவிட்டான். கொம்மட்டி மூக்காலேயே சேற்றைத் தள்ளி அப்பினான். "கூசுது" என்று சிலும்பி நெளிந்தாள். சேறு காய்ந்ததும் அவள் ஒரு பெரிய பனங்காய் மாதிரி மழமழவென்று ஆனாள். மருளி குனிந்து அவள் முதுகில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சிலும்பி அவளுக்கு வாகாக முதுகை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"மணல் சுடுது" என்றது நீர்க்காகம். "இன்னைக்கு மூணு பேரும் பாறைக்கு இந்தப் பக்கம், தண்ணியில இறங்கி நில்லுங்க. தவறி விழுந்தாலும் அவளுக்கு அடிபடாது."

மருளி தயங்கினாள். "முதலை இருக்குமே, மாஸ்டர்?"

"நான் நட்ட நடுவுல உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாம ஒரு குமிழி வருமா? என் மேல நம்பிக்கை இல்லைன்னா சொல்லிடுங்க, வகுப்பை முடிச்சுக்கலாம்."

முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்று சொல்வது? மூவரும் இறங்கினார்கள். ஒன்றாக அசைந்தால்தான் பிடி தவறாது என்று நீர்க்காகம் சொன்னதால், பழைய விளையாட்டில் போலவே கால்களைக் கொடியால் கட்டிக்கொண்டார்கள். ஒருவரை இழுத்தால் மூவரும் வருவார்கள். நெஞ்சளவு தண்ணீரில், ஆழத்துக்கு முதுகைக் காட்டி, பாறையைப் பார்த்து நின்று கண்ணை மூடினார்கள்.

சிலும்பி பாறைமேல் ஏறித் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றாள். "நான் சொல்லும்போது சாயணும்" என்றது நீர்க்காகம்.

அது சொல்லவில்லை. நேரம் போனது. சிலும்பி தலையை மட்டும் கொஞ்சம் திருப்பி, ஏன் தாமதம் என்று மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. பிடிக்க நிற்பவர்களையும் பார்க்கவில்லை. அதன் கண் தண்ணீரில் எதையோ பின்தொடர்ந்து மெல்ல நகர்ந்தது. பாறையை நோக்கி நகர்ந்தது.

காவல் நின்று பழகியவளுக்கு, அடுத்தவர் கண் போகிற இடத்துக்குத் தன் கண்ணும் போய்விடும். போனது. மருளியின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லேசாக மேடு தட்டியிருந்தது. அதன் முன்னால் இரண்டு மூக்குத் துளைகள்.

"முதலை! கரைக்கு ஓடுங்க!"

மூவரும் அசையவில்லை. "பயப்படாதே சிலும்பி" என்றாள் மருளி, கண்ணை மூடியபடியே. "நாங்க இருக்கோம்."

"நானும் பாம்புன்னு கத்தினவன்தானே" என்று கிளுவன் சிரித்தான். "சாயி, பிடிச்சுக்கிறோம்."

"பாத்தீங்களா, இதுதான் குழு" என்றது நீர்க்காகம். "கண்ணைத் திறக்காதீங்க. சிலும்பி, நீ சாயலாம். சாயாம இப்படி ஆட்டத்தைக் கெடுத்தா நாளையிலேர்ந்து பழையபடி மேட்டுலதான் நிக்கணும்."

மருளியும் கிளுவனும் பேசியதுபோல அவளிடம் அத்தனை அன்பாக யாரும் இதுவரை பேசியதில்லை. அந்த அன்பே இப்போது அவர்களைத் தின்னக் கொடுக்கப் போகிறது. என்ன கத்தினாலும் பயம் என்றுதான் நினைப்பார்கள். சாய்ந்தாலும் போச்சு, சும்மா நின்றாலும் போச்சு. இவர்கள் தாங்களாகக் கண்ணைத் திறக்க என்ன வழி?

சிலும்பிக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. குரலை மாற்றிக்கொண்டு, எரிச்சலாகச் சொன்னாள்: "கிளுவா, உன் பக்கத்துல பாரு. எல்லாரும் கண்ணை மூடின சாக்குல கொம்மட்டி நைசாத் தண்ணி குடிக்கிறான்."

"என்னது?" கிளுவன் படக்கென்று கண்ணைத் திறந்தான். மருளியும் திறந்தாள். "யாரு, நானா?" என்று கொம்மட்டியும் திறந்தான். மூன்று பேரும் ஒருவர் வாயை ஒருவர் முறைக்கத் திரும்பினார்கள். திரும்பிய கண்ணில் முதலை பட்டது.

அதற்குள் அது வாயைத் திறந்துவிட்டது. கொடியை அவிழ்க்க நேரமில்லை. "எடு, வை" என்று கிளுவன் அலறினான். நீளக் காலும் குட்டைக் காலும் ஒரே காலாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்குப் பாய்ந்தன. முதலையின் வாய் கொம்மட்டியின் வாலருகே பட்டென்று மூடியது. வால் நுனியில் இருந்த மயிர் மட்டும் அதற்குக் கிடைத்தது.

முதலைக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பாறைமேல் மழமழவென்று ஏதோ ஒன்று நின்றது. முள்ளம்பன்றி என்பதே மறந்துபோய், முன்காலை ஊன்றி அதை நோக்கி ஏறியது. சிலும்பி தன் இனம் செய்வதைச் செய்தாள். முதுகைத் திருப்பி உடம்பைச் சிலிர்த்தாள். காய்ந்த சேறு சட்டென்று விட்டுக்கொடுக்கவில்லை. மறுபடி சிலிர்த்தாள். சேறு வெடித்து ஓடு ஓடாக உதிர்ந்தது, முள் நிமிர்ந்தது. முதலைக்கு அந்தப் பழைய மழைக்காலம் நினைவுக்கு வந்தது. சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டது.

சிலும்பி பாறையின் மறுபக்கமாக இறங்கி மணலுக்கு வந்தாள். மூவரும் கால் கட்டோடு விழுந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள்.

பட்ட மரத்தில் நீர்க்காகம் அதே மாதிரி சிறகை விரித்துக்கொண்டுதான் இருந்தது. கெட்டிக்காரப் பறவை, அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாது.

"நல்ல வேளை" என்றது. "முதலை வந்ததை நான்கூடக் கவனிக்கலை. ஆனா ஒண்ணு கேக்கிறேன் பிள்ளைகளா. கொம்மட்டி தண்ணி குடிச்சானா? குடிக்கலை. கூட இருக்கிறவன் மேல பொய்ப் பழி போடுறவளைக் குழுவுல வச்சுக்கலாமா? நீங்களே முடிவு பண்ணுங்க."

மூவரும் சிலும்பியைப் பார்த்தார்கள். சொன்னது பொய்தான். அவளுடைய முள்ளும் வெளியே வந்துவிட்டது. மறுபடி மேட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

கொம்மட்டி தலையைச் சொறிந்தான். "குடிக்கலைதான், மாஸ்டர். ஆனா குடிக்கலாம்னு வாயைக் கொண்டு போனேன். இவளுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு."

கிளுவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருளிக்கும் வந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

சிலும்பி தண்ணீர் ஓரம் வரை போனாள். "மாஸ்டர், எங்க எல்லாரையும் விழச் சொன்னீங்க. நீங்க இதுவரைக்கும் விழவே இல்லையே?"

"நான் சொல்லித் தர்றவன் அம்மா."

"பரவாயில்லை, ஒரு தடவை விழுங்க. நீங்களும் எங்க குழுதானே? இங்கேருந்து நாங்க பாத்துக்கிறோம். குமிழி வந்தா நான் சொல்றேன். கண்ணை மூடிக்கிட்டு அப்படியே பின்னால தண்ணியில சாயுங்க."

மற்ற மூவரும் எழுந்து வந்தார்கள். கொடியைக் கடித்து அறுத்துவிட்டு அவளோடு ஒரே வரிசையாக நின்றார்கள். முள் படாத தூரம் விட்டுத்தான் நின்றார்கள். தன்னை யாரும் இனிப் பிடிக்கப் போவதில்லை என்று சிலும்பிக்குத் தெரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது மேட்டில் நின்ற வருத்தம் இல்லை.

"சாயுங்க, மாஸ்டர்" என்றாள் மருளி. "எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

நீர்க்காகம் கரையில் நின்ற நாலு முகங்களைப் பார்த்தது. பிறகு குனிந்து மரத்தடியைப் பார்த்தது. அங்கே பசியோடும் ஏமாற்றத்தோடும் ஒரு நிழல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தம்பி என்று கூப்பிட்ட வாய் இப்போது எதையும் தின்னும் என்று அதற்குத் தெரியாதா என்ன?

அது விரித்த சிறகை ஒரு தடவை அடித்துப் பார்த்தது. ஈரம் இன்னும் காயவில்லை. ஆனாலும் எழும்பி, தட்டுத் தடுமாறி, திரும்பிப் பார்க்காமல் ஏரிப் பக்கம் பறந்துபோனது.

கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்பு என்று யார் சொன்னாலும், முதலில் அவரை விழச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நாம் விழ வேண்டும்.